சிவப்பு மசி

ஆர்.கே.கான் ஆஸ்பத்திரி, கண் பிரிவு.
என் எண் நூற்றுப் பதினாறு.
பெஞ்சில் கிடந்த பழைய பத்திரிகை
எகிப்தைப் பற்றியது.
பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்று கத்தரியோடு
எனக்கு முந்திவிட்டிருந்தது:
பிரமிடுகள் முக்கோண ஓட்டைகள்.
பொன் முகமூடி இருந்த இடத்தில்
முகமளவு ஜன்னல்.
அதன் வழியே தெரிந்தது
அடுத்த பக்கத்துக் கல்.

யாருக்கும் வேண்டாத கல்.
சுண்ணாம்புக் கல் சில்லு, நெருக்கி எழுதிய வரிகள்.
வருகைப் பதிவேடு என்றது அடிக்குறிப்பு.
நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

பத்தொன்பது வருஷமாய் என் பிழைப்பு அதுதான்,
ஜேக்கப்ஸில், சட்டைத் தொழிற்சாலையில்.
ஏழு இருபதுக்கு கேட் விழும்.
சாட்ஸ்வர்த் ரயில் தாமதம் என்றால்
முப்பது பெயருக்கு நேரே என் பேனா தயங்கும்,
பிறகு தயங்காது.

அந்தக் கல்லில்
அரசர்களுக்குக் கல்லறை குடைந்தவர்கள் நாற்பது பேர்,
இருநூற்றெண்பது நாள்.
நாள் கறுப்பு மசியில்.
வராத காரணம் அதன் தலைமேல்
சிவப்பில்.
சேபா: தேள் கொட்டியது.
ஹூய்நெஃபர்: கண் நோவு.
பெந்துவா: கோன்சுவோடு குடிக்கப் போனான்.
ஒருவன் வீட்டில் பீர் காய்ச்சினான்.
ஒருவன் செத்த தாயைத்
துணி சுற்றிக்கொண்டிருந்தான்.
எங்களிடம் சாவுக்கு மூன்று நாள்,
சான்றிதழ் இணைக்க வேண்டும்.

மூவாயிரத்துச் சொச்சம் வருஷத்துக்கு முன்
எவனோ ஒருவன் கல்லை மடியில் வைத்து
'குடிக்கப் போனான்' என்று
உள்ளதை உள்ளபடி எழுதியிருக்கிறான்.
பூசி மெழுகியிருக்கலாமே.
எழுத்தர் இனத்தை நான் அறிவேன்:
முதலியை மூட்லி ஆக்கியவரும்
கவுண்டரைக் கோவெண்டர் ஆக்கியவரும்
எங்கள் ஆட்கள்தான், துறைமுகத்தில்,
அடுத்தவர் வரிசையில் நிற்கும் அவசரத்தில்.

பக்கத்தின் கடைசியில் இன்னொரு பத்தி.
அதே ஊர், எண்பது வருஷம் கழித்து.
கூலித் தானியம் வரவில்லை.
உளியைப் போட்டுவிட்டு
காவல் சுவர்களைத் தாண்டிப் போய்
கோயிலின் பின்னால் உட்கார்ந்துவிட்டார்கள்.
பசியும் தாகமும் எங்களை இங்கே கொண்டுவந்தன,
துணி இல்லை, எண்ணெய் இல்லை,
மீன் இல்லை, காய்கறி இல்லை.
அதையும் ஒருவன் எழுதிவைத்தான்,
பாப்பிரஸில், தேதி போட்டு.

பிரமிடு எத்தனை அடி உயரம் என்று
இன்றுவரை எனக்குத் தெரியாது.
அந்தப் பக்கம்தான் வெட்டுப்பட்டிருந்ததே.
என் எண்ணைக் கூப்பிட்டது
காதில் விழவில்லை.

வியாழக்கிழமை.
சம்பளம் பதினோரு நாள் பாக்கி.
தேநீர் மணி அடித்து ஓய்ந்த பிறகு
ஒரு தையல் இயந்திரமும் கிளம்பவில்லை.
அத்தனை அமைதியில்
மெர்பேங்க் பக்கமிருந்து வரும் எண்ணெய் நாற்றம்கூட
சத்தம் போடுவதுபோல் இருந்தது.
மாடிக் கண்ணாடி அறையிலிருந்து ரெய்னர்ட் குனிந்தார்:
'மூட்லி, எல்லாருக்கும் சிவப்பு.
காரணம் வேண்டாம்.'

சிவப்பை எடுத்தேன்.
நோம்புசோ: உம்லாஸியில் வாடகை.
தெய்வானை கோவெண்டர்: மின்சார அட்டையில் பணமில்லை.
ரொக்கையா: மகனுக்குச் செருப்பு, ஆறாம் எண்.
ஸிந்திலே: சொல்ல மாட்டேன் என்றாள்,
'சொல்ல மாட்டேன் என்றாள்' என்று எழுதினேன்.
நூற்று நாற்பது பெயர்.
பேனா பாதியில் தீர்ந்து
வெட்டுமேசையின் மெழுகுப் பென்சிலால் முடித்தேன்.

என் பெயர் அந்த ஏட்டில் இல்லை.
இருந்ததே இல்லை.
கல்லில் எழுதியவன் பெயரும்
அப்படித்தான் போயிருக்கும்.
அடியில் ஒரு கோடு இழுத்தேன்,
கறுப்பில் மூட்லி,
தலைமேல் ஒரு சொல் சிவப்பில்,
ஏட்டை மூடாமல் இறங்கிப் போனேன்.

துணிப்பொதியில் இடம்விட்டு நகர்ந்தாள் நோம்புசோ.
'உனக்கு என்ன போட்டாய்?'
'தேள் கொட்டியது.'
'ஜேக்கப்ஸில் ஏது தேள்?'
என்றவள்
மெல்லத் தலை தூக்கி
கண்ணாடி அறையைப் பார்த்தாள்.